சுவரில் மாட்டிய தரை

என் செல்லக் கண்ணு பாவாயி,

நீ இருக்கிற இடத்தில் குளிர் இருக்கக் கூடாது என்று ஈசனிடம் கேட்டுக்கொண்டுதான் இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன். கேட்டு முடித்த கையோடு கோபம் வந்துவிட்டது. உன்மேல், உன் அம்மாமேல், உன் அண்ணன்மேல், பூசாரி மாமாமேல், சில நாளாக ஈசன்மேலும்கூட. இத்தனை பேர்மேல் ஒருத்தி கோபத்தைச் சுமந்துகொண்டு நின்றால் அடுப்பில் இருப்பது எப்படிப் பக்குவமாக வேகும், நீயே சொல்லு. நேற்றும் சாமைச்சோறு அடிப்பிடித்துவிட்டது. உன் அண்ணன் ஒன்றும் பேசாமல் சாப்பிட்டார். பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

இதை நான் மறைத்து எழுதவில்லை. உன் கம்பளத்தைப் பற்றி ஆளுக்கொரு கதை பேசுகிறார்கள். நம் மலையில் வாழவந்தி நாட்டில் புறப்படுகிற கதைக்கு அரியூர் நாடு போய்ச் சேர்வதற்குள் இரண்டு கை, இரண்டு கால் முளைத்துவிடுகிறது. அதனால் நடந்ததை நடந்தபடி உனக்கு எழுதுகிறேன். எழுத்துக் கூட்டத் தெரிந்தவர் யார் படித்தாலும் படிக்கட்டும். தெரியாதவருக்கும் அவர்களே படித்துக் காட்டட்டும். நீ அறிந்ததையும் இதில் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் செய்தி. ஆடி பிறந்ததிலிருந்து காற்றும் தூறலும் ஓயவில்லை. உலகச் சண்டைக் காலம் என்று மண்ணெண்ணெய்க்குச் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். சீட்டு இருக்கிறது, எண்ணெய் இல்லை. அடிவாரச் சந்தையில் அரிசி விலையைக் கேட்டுவிட்டு உன் அண்ணன் வெறும் கையோடு மலையேறி வந்தார். குச்சிக்கிழங்கு இருக்கிறவரை கவலை இல்லை. உன் அம்மாவுக்குக் கண்ணில் விழுந்த பூ இன்னும் படர்ந்துவிட்டது. வெளிச்சத்தில் ஆள் நிற்பது தெரிகிறது, யார் என்று தெரியவில்லை. கால் மட்டும் எப்போதும் சில்லென்று கிடக்கிறது. பிடித்துவிட்டால், “இது என்ற காலா, ஓடைக்கல்லா அம்மிணி” என்று என்னையே கேட்கிறார்.

அந்தக் கால் வெறும் தரையில் கிடக்கும்போது, அதற்கு எதிரே உன் கம்பளம் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. இந்த ஆறு மாதமாக என் வயிற்றெரிச்சல் அதுதான்.

உனக்கு நினைவிருக்கும். புதுச்சாமை அறுத்தால் முதல் படி ஈசன் கோயிலுக்குப் போக வேண்டும். நீ தாய்வீட்டுக்கு வந்திருந்த நேரம். “நீயே கொண்டுபோயிக் குடுத்துட்டு வா கண்ணு, புண்ணியம்” என்று உன் அம்மா, என் அத்தைதான் கூடையைத் தூக்கி உன் தலையில் வைத்தார். வயலைக் கடந்து, ஓடையைத் தாண்டி, அந்தப் பக்கம் ஏறுகிற செம்பாறையில் கால் வழுக்கியது. சாமை பாறையெல்லாம் சிதறியது. உன்னைத் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். இடுப்புக்குக் கீழே அதற்குப் பிறகு உணர்வு இருந்தது, வலுதான் இல்லை. தேவனூர் நாட்டிலிருந்து உன் வீட்டுக்காரர் இரண்டு முறை வந்து பார்த்தார். பிறகு வரவில்லை. அதைப் பற்றி நீ ஒரு சொல் சொன்னதில்லை. நானும் இங்கே அதற்கு மேல் எழுதப் போவதில்லை.

மழைக்காலத்தில் சாணம் மெழுகிய தரை ஈரத்துணி மாதிரி இருக்கும். உனக்காக உன் அண்ணன் அடிவாரத்திலிருந்து ஒரு ஜமக்காளம் வாங்கி வந்தார். சிவப்பும் நீலமுமாகப் பட்டைப் பட்டையாக இருந்தது. நீ அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னாயே, “அண்ணன் சொல்ற சேலத்து ரோடு இப்படித்தான் இருக்குமாட்ட இருக்குது. நேராப் போகுது, எங்கயும் போயிச் சேரல.”

அவருக்கு ரோசம் வந்துவிட்டது. சேலத்தில் ஒரு வக்கீல் வீட்டில் மிளகுச் சாக்கை இறக்கி வைத்தபோது பார்த்த கம்பளத்தைப் பற்றிச் சொன்னார். “நாலு பக்கமும் கரை. நடுவுல பூவும் கொடியும். மிதிக்கவே கால் கூசும், தெரியுமா.”

“கால் கூசுற விரிப்பு எதுக்குங்கண்ணா? நாம நடக்கற தரையில எங்க பூ இருக்குது, கல்லுதான் இருக்குது” என்றாய்.

அன்றைக்குத்தான் அந்தப் பேச்சு உன் வாயில் வந்தது. அண்ணன் பெண்டாட்டியை நம் பக்கம் எல்லோரும் நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். நீ அப்படிக் கூப்பிட்டால் ஏதோ வேலை வருகிறது என்று எனக்குத் தெரிந்துவிடும். “நங்கை, எனக்கு நடக்கறதுக்கு ஒரு விரிப்பு வேணுமுங்க. நம்மூட்டு வாசல்ல இருந்து கோயல் வரைக்கும்.”

கட்டிலின் கயிற்றை அவிழ்த்து வெறும் சட்டமாக்கிச் சுவரில் சாய்த்தோம். மேலிருந்து கீழாக முறுக்கு நூலை இழுத்துக் கட்டினோம். அதில் கம்பளி மயிரை முடிச்சு முடிச்சாகப் போட்டு இறக்க வேண்டும். எனக்கு யாரும் தறி கற்றுத் தரவில்லை, உனக்கும் தரவில்லை. சந்தையில் அரிச்சுவடி வாங்கி நானே எழுத்துக் கூட்டிப் படித்த மாதிரிதான் இதுவும். நீ மாவால் தரையில் வழியை வரைந்தாய். நான் கணக்கு எழுதுகிற நோட்டில் கட்டம் போட்டு, எந்தக் கட்டத்துக்கு எந்த நிறம் என்று குறித்துக்கொண்டேன். முடிச்சை அடித்து இறுக்க மரச்சீப்பு இல்லாமல் என் பேன்சீப்பை எடுத்துக்கொடுத்தேன். அதன் பல் போனது போனதுதான், இன்னும் வேறு வாங்கவில்லை.

வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஆட்டு மயிர் தானாகவே அந்த நிறத்தில் இருந்தது. மஞ்சளுக்குப் பலாமரச் சிராயை வேகவைத்தோம். அவுரி நீலத்தில் தோய்த்துவிட்டு அதன்மேல் பலாச்சாயம் ஏற்றினால் பச்சை வரும் என்று நீ எப்படிக் கண்டுபிடித்தாய்? மூன்று பானை பாழான பிறகுதான் வந்தது. அத்தை என்னைத்தான் திட்டினார், உன்னை இல்லை.

வழி வளைந்து வளைந்து போக வேண்டும் என்றாய். முடிச்சில் வளைவு வராது. ஒவ்வொரு கட்டமாக ஒதுங்கி ஒதுங்கிப் படிக்கட்டாகத்தான் வரும். நான் அவிழ்த்துவிட்டு மறுபடி போடப் போனேன். “உடுங்க நங்கை, நம்ம வயலும் படிப்படியாத்தான இருக்குது” என்றாய். உன் அண்ணன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ஏம்புள்ள, மலையவே பாயில சுருட்டப் போறீங்களா? அப்பறம் நான் எங்க போயி ஏர் ஓட்டறது” என்றார். கரை இல்லாத விரிப்பைப் பார்த்து அவருக்கு ஒரே சிரிப்பு. மலைக்கு எங்கே கரை இருக்கிறது?

ஆனால் உன் பெரிய யோசனை நிறத்தில் இல்லை. “கண்ணுக்கு இல்லீங்க, காலுக்கு” என்று சொல்லிச் சொல்லி என்னை வேலை வாங்கினாய். வயல் வருகிற இடத்தில் மயிரை நீளமாக விட்டு, கால் புதைகிற மாதிரி மெத்தென்று வைக்கச் சொன்னாய். ஓடை வருகிற இடத்தில் முடிச்சே வேண்டாம், வெறும் நூலை இறுக்கி வழவழவென்று நெய்தால் கால் வைத்தவுடன் சிலீர் என்றிருக்கும் என்றாய். செம்பாறைக்குச் சிவப்புக் கம்பளியைக் குட்டையாக, ஒட்ட நறுக்கச் சொன்னாய், பாறை சொரசொரவென்று காலில் படும்படி. எனக்கு மனம் கேட்கவில்லை.

“அதையும் வைக்கோணுமா கண்ணு?”

“அது இல்லாம கோயலுக்கு வழி ஏதுங்க நங்கை.”

பாறைக்கு அப்பால், கடைசிப் பகுதியில், கோபுரம் ஒன்று வைக்கலாமா என்று கேட்டேன். நீ என்னைப் பார்த்த பார்வை மறக்காது. “சாமிய மிதிக்கலாமுங்களா? சும்மா வெள்ளையா உட்டுருங்க. அங்க நான் போயி நிப்பேன், அவ்வளவுதான்.” இதை இந்தக் கடிதத்தைப் படிக்கிற எல்லோரும் நன்றாகக் கேட்டுக்கொள்ளட்டும். அந்தக் கம்பளத்தில் சாமி இல்லை. மிதிக்கிறதுக்கென்று நெய்தது என்பதால்தான் சாமியை அதில் வைக்கவில்லை. பக்தியை உனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சட்டத்திலிருந்து அறுத்து இறக்கிய அன்று வீட்டில் நம் இருவரைத் தவிர யாரும் இல்லை. கிழங்குக் காட்டில் களையெடுப்பு, அத்தையும் துணைக்கென்று அங்கே போய் உட்கார்ந்திருந்தார். நீ மஞ்சள் உரைத்துத் தரச் சொன்னாய். “கோயலுக்குப் போறேனல்லங்க” என்று பாதம் நிறையப் பூசிக்கொண்டாய். என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாய். கால் தூக்கி வைக்க வரவில்லை, இழுத்து இழுத்துத்தான் வந்தாய். ஒரு கட்டில் நீளத்துக்கு அத்தனை நேரம் ஆனது. ஓடையில் கால் பட்டதும் சிரித்தாய். பாறைக்கு முன்னால் நின்றுவிட்டாய். உன் விரல் என் தோளில் பதிந்த தடம் மறுநாளும் வலித்தது. பிறகு அதையும் தாண்டி அந்த வெள்ளையில் போய் நின்றாய்.

“வந்துட்டேனுங்க நங்கை.”

திருநீறு எடுத்து வந்து உன் நெற்றியில் இட்டேன். வெள்ளைக் கம்பளியில் உன் பாதத்து மஞ்சள் இரண்டு இடத்தில் ஒட்டியிருந்தது. துடைக்கப் போனேன். “கெடக்கட்டும்” என்றாய். தைப்பொங்கலன்று அம்மாவுக்கு விரித்துக் காட்டலாம், அதுவரை சுருட்டி வையுங்கள் என்றாய். மார்கழியில் பனி இறங்கியதும் காய்ச்சல் வந்தது. பொங்கல் இல்லாமல் போயிற்று.

உன் காரியம் எல்லாம் முடிந்த பிறகு, சுருட்டி வைத்ததில் ஈரம் ஏறியிருக்கிறது என்று உன் அண்ணன் அதை எடுத்துக் கூடத்துச் சுவரில் இரண்டு முளையில் மாட்டினார். வாசல் மேலேயும் வெள்ளை கீழேயுமாக, தலைகீழாக. அன்றைக்கென்று பார்த்து ஈசன் கோயில் பூசாரி மாமா வந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். துண்டு இடுப்புக்கு இறங்கியது.

“மாப்ள, இதென்ன, உங்க ஊட்டுச் செவுத்துல ஈசன் வந்து நிக்கறாரு.”

நான் அடுப்படியிலிருந்து ஓடி வந்து பார்த்தேன். அவர் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டே போனார். கீழே வெள்ளையாக இருப்பது நீறு பூசிய முகம். அதற்கு மேல் சிவப்பு நெற்றிக்கண். அதற்கும் மேல் வயலும் வழியும் படிப்படியாகக் கறுத்துக் கிடப்பது சடை. சடையின் விளிம்பில் குறுக்கே ஓடுகிற வெள்ளை கங்கை. என்ன சொல்வேன் பாவாயி, ஒரு கணம் எனக்கும் தெரிந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

“மாமா, அது தலைகீழாத் தொங்குதுங்க. அது கோயலுக்குப் போற வழிங்க.”

“வழிதான அம்மிணி ஈசன்” என்றார்.

இப்படிப் பேசுகிற மனிதரோடு யார் வழக்காட முடியும்? அருகில் போய், அந்த மஞ்சள் தடம் இரண்டையும் பார்த்து, “கன்னத்துல சந்தனம் வெச்சிருக்குது பாரு புள்ள” என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எனக்கு வாய் வரை வந்தது. திரும்பினால் அத்தை நிற்கிறார். கை கூப்பி, கண் தெரியாமல், கூடத்து இருட்டில் எந்தப் பக்கம் சுவர் என்றுகூடத் தெரியாமல், கதவைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிறார். வந்த சொல் உள்ளே போய்விட்டது.

அன்று தொடங்கியதுதான். வெள்ளிக்கிழமை விளக்கு. திங்கட்கிழமை தேங்காய். பக்கத்து வீடுகளிலிருந்து பூ. விளக்குப் புகை படிந்து உன் வயலின் பச்சை மங்கத் தொடங்கியது. அத்தை அதன் எதிரில் வெறும் தரையில் உட்கார்ந்து, காலை முந்தானையால் மூடிக்கொண்டு நடுங்குவார். “அத்தை, அது விரிக்கறதுக்குச் செஞ்சதுங்க. விரிச்சா உங்க காலுக்கு இதமா இருக்கும்” என்று எத்தனை விதமாகச் சொன்னேன். “மலை மேல ஈசன் இருக்கறாரு. மலைய மிதிப்பாங்களா” என்பார்.

“நாம காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் எதெ மிதிக்கறோமுங்க அத்தை?”

“வாய் வளந்துருச்சு உனக்கு” என்பார். அத்துடன் பேச்சு முடிந்துவிடும்.

சித்திரையில் அத்தை மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டார். ஆடிப் பதினெட்டுக்கு அந்தக் கம்பளத்தை ஈசனுக்குச் சாத்துவதாக வேண்டுதல். “என்ற மகதான் போயிச் சேரல. அவ கைவேலையாச்சும் போயிச் சேரட்டும்” என்றார். இதைக் கேட்ட பிறகு எவள் எதிர்த்துப் பேசுவாள்? அதே சமயம், இதைக் கேட்டுவிட்டு எவள் சும்மா இருப்பாள்? நீதான் போய்ச் சேர்ந்துவிட்டாயே. நான்தானே பார்த்தேன்.

உன் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். களத்துமேட்டில் மிளகு காயவைத்துக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, பாவாயி அதுமேல நடந்திருக்கறா. கால் பட்டத சாமிக்குச் சாத்தறது பாவமுங்க.”

“நீ பாத்தியா?”

“என்ற தோளப் புடிச்சுட்டுத்தான் நடந்தா.”

மிளகைக் கிளறிக்கொண்டே சொன்னார். “சொல்லிப்போடாத புள்ள. செத்தவங்க பொழங்குனதுன்னு ஆயிரும். எல்லைல கொண்டுபோயிப் போடச் சொல்லுவாங்க. சாமிகிட்டயாச்சும் இருக்கட்டும்.”

அவர் சொன்னதும் பொய்யில்லை. இறந்தவர் கிடந்த பாய், உடுத்த துணி, புழங்கிய போர்வை எல்லாம் ஊர் எல்லையில் போட்டுவிடுவது நம் வழக்கம். உன் சேலையை அப்படித்தான் போட்டோம். சொல்லாவிட்டால் கம்பளம் கோயிலுக்குப் போகும், ஒரு கால் அதன்மேல் இனிப் படாது. சொன்னால் எல்லைக்குப் போகும், மழையில் மக்கும். எந்தப் பக்கம் திரும்பினாலும் நீ நெய்தது வீட்டுத் தரைக்கு வரப் போவதில்லை. கணக்கை நான் எப்படிக் கூட்டினாலும் மிச்சம் ஒன்றும் நிற்கவில்லை. கோபத்தில் பிரதோஷத்தன்று ஈசனிடமே கேட்டேன், உனக்கு உடுத்துணி இல்லையா, ஒரு நொண்டிப்பெண்ணின் விரிப்புத்தான் வேண்டுமா என்று. கேட்டுவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். நீயாவது உன் அம்மாவிடம் ஒரு வார்த்தை, அம்மா நான் நடந்தேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் என்ன?

ஆடி பிறந்து, பதினெட்டுக்கு முன் ஒரு பகலில் பூசாரி மாமா சாத்துவதற்கு அளவு பார்க்க வந்தார். கையை விரித்து முழம் போட்டார். நான் மோர் கொண்டுவந்து நின்றேன். அத்தை மூலையில் உட்கார்ந்திருந்தார். அளந்துகொண்டே அவர் கேட்டார், வழக்கமாகக் கேட்கிற கேள்விதான்.

“கால் கீல் படாத பொருள்தான மாப்ள?”

“படலீங்க மாமா” என்றார் உன் அண்ணன். தரையைப் பார்த்துச் சொன்னார்.

மோர்ச்செம்பைக் கீழே வைத்தேன். உனக்காக நான் எதையும் செய்வேன் பாவாயி. ஆனால் என் ஈசனிடம் பொய்யைக் கொடுத்துவிட்டு அடுத்த பிரதோஷத்துக்கு எந்த முகத்தோடு நிற்பேன்?

“பட்டிருக்குதுங்க” என்றேன்.

பூசாரி மாமாவின் கை முளையிலேயே நின்றது. “யாரு கால்?”

“அவ காலுதானுங்க. நீங்க கண்ணுல ஒத்திக்கிட்டீங்களே, அது சந்தனம் இல்லீங்க மாமா. அவ பாதத்து மஞ்சளுங்க.”

அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார். பிறகு கையைத் துடைத்தார். “இத்தன நாளா வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த அம்மிணி? நான் தெனமும் கும்புட்டனே” என்றார். அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, நீ இருந்திருந்தால் சிரித்தே இருப்பாய். பிறகு அவர் முகம் இறுகிவிட்டது. “அப்ப இது செத்தவ பொழங்குனது. சாமிக்கு ஆகாது. ஊட்டுக்கும் ஆகாது. எல்லைல போட்டுட்டுத் தல முழுகீருங்க.” மோரைத் தொடாமல் போய்விட்டார்.

உன் அண்ணன் என்னைப் பார்த்தார். “போச்சா? நல்லாருக்குதா இப்ப?” என்று கேட்டுக்கொண்டே முளையிலிருந்து கம்பளத்தைக் கழற்றக் கையைத் தூக்கினார்.

“எங்க நின்னா?”

அத்தையின் குரல். நாங்கள் இருவரும் திரும்பினோம்.

“என்ற மக எங்க நின்னான்னு கேட்டேன்.”

நான் அவர் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், அந்த இரண்டு மஞ்சள் தடத்தின்மேல் வைத்தேன். வைத்த கையை அவர் எடுக்கவில்லை. அந்த இடத்தில் மயிர் கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கும், தடவினால் தெரியும். “சின்னப் பாதம்” என்றார். பிறகு, “எறக்கு அதெ. கீழ போடு” என்றார்.

“ஆத்தா, மாமா எல்லைல போடச் சொல்லீட்டுப் போறாரு” என்றார் உன் அண்ணன்.

“போடறதுன்னா என்னையும் அதுல வெச்சுச் சுருட்டிப் போடு.”

விரித்தோம். ஆறு மாதத்துக்குப் பிறகு வாசல் இந்தப் பக்கமும் வெள்ளை அந்தப் பக்கமுமாக, நீ வைத்த திசையில் அது கிடந்தது. தரையில் போட்டதும் முகம் இல்லை, சடை இல்லை. வழிதான் இருந்தது. அத்தையை வாசல் பக்கம் நிறுத்தினேன். பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டார்.

அவர் கண்ணுக்கு அது என்றைக்கும் தெரிந்ததில்லை. ஊர் பார்த்துச் சொன்னதைத்தான் கும்பிட்டார். இப்போது கால் வைத்தார். நீளமயிரில் விரல் புதைந்தது. நின்றார். மறுபடி வைத்தார்.

“இது வயலு” என்றார். “நம்ம கீழ்வயலாட்ட இருக்குது.”

இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். வழவழப்பில் கால் பட்டதும் சட்டென்று காலைத் தூக்கினார், தண்ணீரில் வைத்தவர் மாதிரி. “ஓடை வந்துருச்சு.” சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது முகத்தில். உன் சிரிப்புத்தான் அது, நான் இதுவரை கவனித்ததே இல்லை.

பிறகு பாறை. பெருவிரல் சிவப்பின் விளிம்பில் இடித்தது. அவர் கேட்கவில்லை, அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் கேட்டார்.

“இங்கதானா அம்மிணி?”

“இங்கதானுங்க அத்தை.”

“இதெ அவளே வெக்கச் சொன்னாளா?”

“அவதானுங்க. இது இல்லாம கோயலுக்கு வழி இல்லைன்னா.”

ஓடையிலேயே உட்கார்ந்துவிட்டார். பாறையைக் கையால் தடவிக்கொண்டே இருந்தார். “நாந்தான அனுப்புனேன்” என்று ஒருமுறை சொன்னார். உன் அண்ணன் வெளியே போய்விட்டார். நான் அவர் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கதகதப்பாக இருந்தது என்று எழுத எனக்கு ஆசைதான். இல்லை, இன்னும் சில்லென்றுதான் இருந்தது. ஆனால் அவர் முந்தானையால் மூடிக்கொள்ளவில்லை.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. ஆடிப் பதினெட்டு வந்து போயிற்று, வேண்டுதல் நிற்கிறது. பூசாரி மாமா வீட்டுப் பக்கம் வருவதில்லை. செத்தவள் விரிப்பில் நடக்கிற வீடு என்று, கடன் கேட்டு வருகிறவர்கள்கூட வாசலோடு நின்றுவிடுகிறார்கள். நேற்றுவரை அதே விரிப்புக்குத் தேங்காய் உடைத்தவர்கள். எதற்காகக் கும்பிட்டார்கள், எதற்காக இப்போது ஒதுங்குகிறார்கள்? இரண்டுக்கும் ஒரே காலடிதானே காரணம். கேட்டால் வழக்கம் என்கிறார்கள். வழக்கத்தை நான் மதிக்காதவளா? எனக்கு இரவும் பகலும் மனம் ஆறவில்லை.

உன் அண்ணனோ இன்னும் அதைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார். கூடத்தின் குறுக்கே போக வேண்டியவர் சுவரை ஒட்டி ஓணான் மாதிரி போகிறார். “உங்க தங்கச்சி வயலுதானுங்க, உழ வேண்டாம், நடங்க போதும்” என்றேன். முறைத்தார். முந்தாநாள் மிளகுச்சாக்கைத் தூக்கிக்கொண்டு வரும்போது மறந்துபோய் ஒரு கால் வைத்துவிட்டார். வைத்த காலை எடுக்கவும் இல்லை, அடுத்த காலை வைக்கவும் இல்லை. சாக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

அத்தை தினமும் காலையில் முகம் கழுவி, நீறு பூசி, வாசலில் தொடங்குகிறார். வயலைக் கடக்கிறார். ஓடையில் நிற்கிறார். பாறை வந்ததும் திரும்பிவிடுகிறார். தாண்ட மாட்டேன் என்கிறார். “அது அவ எடம்” என்கிறார். நான் இழுப்பதில்லை. உன்னை நான் இழுத்தேனா? நேற்று மட்டும் இடது காலின் இரண்டு விரல் சிவப்பின்மேல் கிடந்தது. அவருக்குத் தெரிந்ததா தெரியவில்லை. நான் அகப்பையைப் பிடித்தபடி அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் சோறு அடிப்பிடித்தது.

ஆகவே என் வாக்கு இது. கேட்டுக்கொள், கண்ணு. விளக்குப் புகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீர் போட்டுக் கழுவி எடுக்கிறேன். எந்த முடிச்சு தேய்ந்தாலும் அதே இடத்தில், அதே நீளத்தில் முடிந்துவைக்கிறேன், கட்டம் போட்ட தாள் என்னிடம் இருக்கிறது. கரை வைக்கச் சொல்லி யார் கேட்டாலும் வைக்க மாட்டேன். இந்த அறுப்பில் புதுச்சாமையின் முதல் படியை நான் தலையில் வைத்து, அதே ஓடையைத் தாண்டி, அதே செம்பாறை ஏறி, ஈசன் முன்னால் கொண்டுபோய்க் கொட்டுவேன். அன்று நீ சிந்தியது அதுதான், அத்தையின் வேண்டுதலும் அதனோடு தீரட்டும் என்று ஈசனிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். பூசாரி மாமா வாங்க மாட்டேன் என்றால் வாசற்படியில் வைத்துவிட்டு வருவேன். நான் அங்கே போய் நிற்கிற அன்று, இங்கே உன் அம்மா அந்த வெள்ளையில் வந்து நிற்பார். உன் மஞ்சள்மேல் அவர் கால் படும். அதுவரை என் தோள் பாறைக்குப் பக்கத்திலேயே இருக்கும். அந்தக் கம்பளம் தரையைவிட்டு எழாது.

நீ பிடித்து நடந்த தோளோடு,
உன் அண்ணன் மனைவி,
உன் நங்கை செல்லம்மாள்